காணாமல் போகும் மவுஸ் அம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள வழிகள் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக், லினக்ஸ் பற்றிப் பிற்பகுதியில் இருக்கிறது. மெனுப் பெயர்களை ஆங்கில விண்டோஸில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். ‘அம்பு’ என்பது மவுஸோடு நகரும் குறி. தட்டச்சு செய்யும் இடத்தில் மினுக்கும் கோடு வேறு. இரண்டையும் கர்சர் என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

மவுஸ் அம்பு திடீர்னு காணாம போச்சு. முதல்ல என்ன பண்ணணும்?

முதலில் ஒரு சோதனை. மவுஸைக் கீழ்ப்பக்கம் இழுத்து, டாஸ்க்பார் மேல் இடமும் வலமுமாக நகர்த்துங்கள். ஐகான்கள் ஒவ்வொன்றாக லேசாக ஒளிர்கின்றனவா? எங்காவது வலது கிளிக் செய்தால் மெனு திறக்கிறதா? திறந்தால் மவுஸுக்கு உயிர் இருக்கிறது, உருவம்தான் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் உயிரே இல்லை: டச்பேட் அணைந்திருக்கிறது, பேட்டரி தீர்ந்திருக்கிறது, அல்லது டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) படுத்துவிட்டது. இதைப் பார்க்காமல் டிரைவரை நீக்குவதும் விண்டோஸையே மறுபடி போடுவதும் வீண் வேலை. கீழே வரும் பதில்களில் ‘உயிர்’, ‘உருவம்’ என்று இந்த இரண்டையும்தான் பிரித்துச் சொல்கிறோம்.

சோதனை முடிந்ததும் இரண்டு விரைவு வைத்தியம். கன்ட்ரோல் + ஆல்ட் + டிலீட் அழுத்தி, முழுத்திரை மெனு வந்ததும் எஸ்கேப் அழுத்தித் திரும்புங்கள். அந்தத் திரை தனியாக இயங்குவது. போய் வரும்போது அம்பு புதிதாக வரையப்படுவதால் பல சமயம் இதிலேயே வந்துவிடும். வராவிட்டால் விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி. திரை ஒரு நொடி மினுங்கி ‘பீப்’ என்று சத்தம் வரும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்குகிறது. திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

மவுஸே இல்லாம செட்டிங்ஸுக்குள்ள எப்படிப் போறது?

கீபோர்டு போதும். விண்டோஸ் + ஐ அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். பகுதிக்குப் பகுதி தாவ டேப், பின்னால் வர ஷிஃப்ட் + டேப், பட்டியலுக்குள் நகர அம்புக்குறி விசைகள், உள்ளே நுழைய என்டர், சுவிட்சைப் போட அல்லது அணைக்க ஸ்பேஸ். வலது கிளிக்குக்குப் பதில் ஷிஃப்ட் + எஃப்10. ஒரு விண்டோவை மூட ஆல்ட் + எஃப்4. டேப் அழுத்தும்போது எந்தப் பொத்தானைச் சுற்றிக் கட்டம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். வேகமாகத் தட்டினால் கட்டம் எங்கே போனதென்று தெரியாமல் அதைத் தேட வேண்டியிருக்கும்.

பழைய மவுஸ் பெட்டிதான் இந்த வேலைக்கு அதிகம் தேவைப்படும். விண்டோஸ் + ஆர் அழுத்தி, வரும் சிறு பெட்டியில் ஆங்கிலத்தில் எம்-ஏ-ஐ-என், ஒரு புள்ளி, சி-பி-எல் என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். ‘மவுஸ் ப்ராப்பர்ட்டீஸ்’ திறக்கும். மேலே உள்ள தாள்களுக்கு இடையே மாற கன்ட்ரோல் + டேப். கணினியில் உள்ள கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜருக்கு விண்டோஸ் + எக்ஸ், பிறகு எம்.

கீபோர்டாலேயே அம்பை நகர்த்தவும் வழி உண்டு. இடது ஆல்ட் + இடது ஷிஃப்ட் + நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கேட்டால் என்டர் கொடுங்கள். ‘மவுஸ் கீஸ்’ தொடங்கும். வலப்பக்க எண் பலகையில் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், 5 கிளிக். மூலைவாட்டில் போக 7, 9, 1, 3. குறுக்கு விசை வேலை செய்யாவிட்டால் விண்டோஸ் + யூ அழுத்தி ஆக்சசிபிலிட்டிக்குள் ‘மவுஸ்’ பகுதியில் போடலாம். எண் பலகை இல்லாத சிறிய லேப்டாப்பில் இது உதவாது.

லேப்டாப் டச்பேட்ல தேய்ச்சா ஒண்ணுமே நகரல. போயிடுச்சா?

பெரும்பாலும் கை தவறி அணைத்திருப்பீர்கள். கீபோர்டின் மேல்வரிசையில் சிறு சதுரமும், குறுக்கே ஒரு கோடோ அதன்மேல் ஒரு விரலோ வரைந்த விசை இருக்கிறதா பாருங்கள். எஃப்5 முதல் எஃப்9 வரைக்குள்தான் வழக்கமாக இருக்கும். எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே படத்தைத் தேடுங்கள். அதைத் தனியாக ஒருமுறை, எஃப்என் விசையோடு சேர்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில எச்பி லேப்டாப்களில் விசை கிடையாது: டச்பேடின் இடது மேல்மூலையில் இரண்டு தட்டு தட்டினால் அணையும், மறுபடி தட்டினால் இயங்கும். அந்த மூலையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதற்குள் ‘டச்பேட்’. மேலே உள்ள சுவிட்ச் ஆன் நிலையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழேயே ‘லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்’ என்று ஒரு வரி. அதில் குறி இல்லையென்றால், ஏதாவது மவுஸ் இணைந்திருக்கும்வரை டச்பேட் வேலை செய்யாது. மவுஸே செருகவில்லையே என்பார்கள். புளூடூத் மவுஸ் பைக்குள் ஆன் நிலையில் கிடக்கும், அல்லது வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவர் பக்கவாட்டுத் துளையிலேயே மறந்து விடப்பட்டிருக்கும். லேப்டாப்புக்கு அதுவும் ஒரு மவுஸ்தான்.

டைப் பண்ணும்போது மட்டும் அம்பு மறையுது, மவுஸை ஆட்டினா வருது. இது கோளாறா?

கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த வசதி. எழுதுவதை அம்பு மறைக்கக் கூடாதென்று விண்டோஸ் இப்படிச் செய்கிறது. வேண்டாமென்றால் முன்பு சொன்ன மவுஸ் பெட்டியில் ‘பாயிண்டர் ஆப்ஷன்ஸ்’ தாளுக்குப் போய் ‘ஹைட் பாயிண்டர் வைல் டைப்பிங்’ குறியை எடுத்துவிடுங்கள். ஆனால் சில செயலிகள் தாங்களாகவே அம்பை மறைக்கும். அவை இந்தக் குறிக்குக் கட்டுப்படாது.

டைப் செய்து முடித்த உடனே டச்பேட் ஒரு கணம் அசையாமல் இருப்பது வேறு விஷயம். உள்ளங்கை பட்டு அம்பு தாவாமலிருக்க வைத்த தாமதம் அது. டச்பேட் செட்டிங்ஸில் ‘டச்பேட் சென்சிடிவிட்டி’யை ‘மோஸ்ட் சென்சிடிவ்’ ஆக்கினால் தாமதம் குறையும், உள்ளங்கைத் தொல்லை கூடும். தொடுதிரை உள்ள கணினியில் திரையை விரலால் தொட்டாலும் அம்பு மறையும். மவுஸை நகர்த்தினால் திரும்பும். அதுவும் இயல்பே.

அம்பு எங்கயோ இருக்கு, ஆனா கண்ணுல படமாட்டேங்குது. ஈஸியா கண்டுபிடிக்க வழி இருக்கா?

அதே ‘பாயிண்டர் ஆப்ஷன்ஸ்’ தாளின் அடியில் ‘ஷோ லொகேஷன் ஆஃப் பாயிண்டர் வென் ஐ பிரஸ் த கன்ட்ரோல் கீ’ என்று இருக்கிறது. அதில் குறி போட்டுவிட்டால், கன்ட்ரோலை அழுத்தி விடும்போதெல்லாம் அம்பைச் சுற்றி வட்டங்கள் சுருங்கி வரும். கணினி வாங்கிய அன்றே போட்டுவைக்க வேண்டிய குறி இது. ஏனோ அணைத்தே தருகிறார்கள். மைக்ரோசாஃப்டின் இலவச ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் உள்ள ‘ஃபைண்ட் மை மவுஸ்’ இன்னும் ஒரு படி மேலே: இடது கன்ட்ரோலை இருமுறை தட்டினால் திரை முழுதும் இருண்டு அம்பு இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகும்.

அளவையும் நிறத்தையும் மாற்ற, விண்டோஸ் + யூ, பிறகு ‘மவுஸ் பாயிண்டர் அண்ட் டச்’. அளவு 1 முதல் 15 வரை போகும்; பெரிய மானிட்டருக்கு 3 அல்லது 4 தாராளம். நிறத்தில் வெள்ளை, கறுப்பு, தலைகீழ் நிறம், நீங்களே தேர்வது என்று நான்கு. பளிச்சென்ற மஞ்சளோ இளஞ்சிவப்போ எடுத்தால் வெள்ளைப் பக்கத்திலும் கறுப்புப் பக்கத்திலும் தெரியும். தலைகீழ் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

எழுத்து இருக்கிற இடத்துக்குப் போனா மட்டும் அம்பு மாயமாகுது. வெளிய வந்தா தெரியுது. ஏன்?

எழுத்தின் மேல் போனதும் அம்பு, ஆங்கிலப் பெரிய ‘ஐ’ போன்ற மெல்லிய கம்பியாக மாறுகிறது. இந்தக் கம்பிக்குச் சொந்த நிறம் கிடையாது. அடியில் உள்ள நிறத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டும்: வெள்ளை மேல் கறுப்பு, கறுப்பு மேல் வெள்ளை. நடுச் சாம்பலில்தான் சிக்கல். திரையில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை எண். நடுச் சாம்பல் 128. அதைத் திருப்பினால் 127. சாம்பல் மேல் சாம்பல், கண்ணுக்கு என்ன தெரியும்? படம் திருத்தும் மென்பொருள்கள், நிரல் எழுதும் எடிட்டர்கள், சாம்பல் பின்னணி வைத்த தாள்கள் ஆகியவற்றில் இந்தப் புகார் அதிகம் வருவது இதனால்தான்.

தீர்வு, கம்பிக்கு நிலையான நிறம் கொடுப்பது. மேலே சொன்னபடி அம்புக்கு நிறம் தேர்ந்தெடுத்தால் கம்பியும் அந்த நிறத்துக்கு மாறும். அல்லது மவுஸ் பெட்டியின் ‘பாயிண்டர்ஸ்’ தாளில் ‘டெக்ஸ்ட் செலக்ட்’ வரியைத் தேர்ந்து, ‘பிரவுஸ்’ வழியாக வேறு வடிவம் வைக்கலாம். இணையத்தில் இறக்கிய அலங்கார அம்புத் தொகுப்புகளும் இதே தொல்லை தரும்: தொகுப்பில் கம்பிக்கோ கைக்கோ உள்ள படம் வெறுமையாக இருந்தால் அந்த வடிவம் வரும்போது வெற்றிடம். அப்போது ‘ஸ்கீம்’ பட்டியலில் ‘விண்டோஸ் டிஃபால்ட்’ தேர்ந்து, ‘அலவ் தீம்ஸ் டு சேஞ்ச் மவுஸ் பாயிண்டர்ஸ்’ குறியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த தீம் மாற்றத்தில் பழைய கதை திரும்பும்.

வயர்லெஸ் மவுஸ். கொஞ்ச நேரம் விட்டா அம்பு போயிடுது, அப்புறம் வருது.

உயிர்ப் பிரச்சினை. பேட்டரியை மாற்றுவது முதல் வேலை. மவுஸின் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறதென்று நம்ப வேண்டாம். அடிப்பக்கத்தில் 1, 2, 3 என்று சேனல் பொத்தான் உள்ள மவுஸ் என்றால், கை பட்டு வேறு கணினியின் சேனலுக்குப் போயிருக்கலாம்.

பேட்டரி புதிது, ஆனாலும் விட்டு விட்டு வருகிறது என்றால் ரிசீவர் செருகிய துளையைப் பாருங்கள். யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் 2012இல் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். பக்கத்தில் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் ரிசீவரைத் தூரத்துத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் போட்டு மேசை மேல் வையுங்கள்.

சும்மா இருந்த பிறகுதான் மறைகிறது என்றால் மின்சிக்கனம் காரணம். டிவைஸ் மேனேஜரில் ‘மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ்’ விரித்து, மவுஸின் ப்ராப்பர்ட்டீஸில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாள் இருந்தால் ‘அலவ் த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்’ குறியை எடுங்கள். ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ வரிகளுக்கும் அதையே செய்யுங்கள்.

ஸ்கிரீன்ல மத்ததெல்லாம் சரியா இருக்கு. அம்பு மட்டும் எப்படி மறையும்?

நியாயமான சந்தேகம். அம்பு, திரைப் படத்தின் ஒரு பகுதி அல்ல. கிராஃபிக்ஸ் சிப் முழுத் திரையையும் ஒரு படமாக வைத்திருக்கிறது. அம்பைத் தனிச் சிறு படமாக வைத்துக்கொண்டு, மானிட்டருக்கு அனுப்பும் கடைசி நொடியில் மேலே ஒட்டுகிறது. கண்ணாடி ஜன்னலில் ஒட்டுப்பொட்டு நகர்த்துவது மாதிரி. முழுத் திரையையும் திரும்ப வரையாமலே அம்பு வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்தால் படத்தில் அம்பு இல்லாததற்கும் காரணம் இதுவே. ஆகவே ஒட்டும் வேலையில் டிரைவர் தவறினால் மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, பொட்டு மட்டும் காணாமல் போகும். தூக்கத்திலிருந்து கணினி விழிக்கும்போதும், திரைத் தெளிவு மாறும்போதும், இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலை கைமாறும்போதும் இது நடக்கும்.

இதைச் சுற்றிப்போக ஒரு குறுக்குவழி: ‘பாயிண்டர் ஆப்ஷன்ஸ்’ தாளில் ‘டிஸ்ப்ளே பாயிண்டர் டிரெயில்ஸ்’ குறியைப் போட்டு, அதன் பட்டையை ‘ஷார்ட்’ பக்கம் கடைசிவரை தள்ளுங்கள். வால் வைத்த அம்பை அந்தச் சிப் தனியாக ஒட்ட முடியாது. விண்டோஸே திரைப் படத்துக்குள் வரைய வேண்டியதாகிறது. வால் இருப்பதே தெரியாது, அம்பு திரும்பிவிடும். இப்படி வந்துவிட்டால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர்தான், மவுஸ் அல்ல.

அப்படின்னா எந்த டிரைவரை அப்டேட் பண்றது? மவுஸா, டிஸ்ப்ளேயா?

உருவம் இல்லையென்றால் டிஸ்ப்ளே. உயிர் இல்லையென்றால் மவுஸ் அல்லது டச்பேட். உருவப் பிரச்சினைக்கு மவுஸ் டிரைவரை நீக்கிப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை; வந்த மாதிரி தெரிந்தால் அது ரீஸ்டார்ட் செய்ததன் பலன்.

டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ மேல் நின்று வலது அம்புக்குறி விசையால் விரித்து, உள்ளே உள்ள பெயரில் என்டர் கொடுத்து, கன்ட்ரோல் + டேப் வழியாக ‘டிரைவர்’ தாளுக்குப் போங்கள். அண்மையில் அப்டேட் ஆன பிறகுதான் தொல்லை என்றால் ‘ரோல் பேக் டிரைவர்’ சரியான மருந்து. அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. அப்போது லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கான டிரைவரை இறக்குங்கள். டெஸ்க்டாப் என்றால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளத்திலிருந்து. ‘அப்டேட் டிரைவர்’ பொத்தான் “சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது” என்று சொல்வதை நம்பி நின்றுவிட வேண்டாம்; அது கையில் உள்ளதை மட்டுமே பார்த்துச் சொல்கிறது. டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்னும் இலவச மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் செட்டிங்ஸ்ல டச்பேட்ங்கிற பேரே இல்ல. எங்க போச்சு?

விண்டோஸுக்கு டச்பேட் இருப்பதே தெரியவில்லை. இக்கால லேப்டாப்களில் டச்பேட் பெரும்பாலும் ‘ஐ2சி’ என்னும் உள்வழித் தடத்தில் இணைந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ விரித்து, ‘ஐ2சி எச்ஐடி டிவைஸ்’ வரியில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். திறந்தால் வழக்கமாக ‘கோட் 10’ என்று இருக்கும்: கருவி தொடங்க முடியவில்லை.

அந்த வரியை ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். போடவில்லையென்றால் மின்சாரத்தை முழுக்க வடிக்க வேண்டும்: ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து, பிறகு ஆன் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவர், ‘சீரியல் ஐஓ’ டிரைவர், பிறகு டச்பேட் டிரைவர் என்ற வரிசையில் போடுங்கள். தடம் சரியாகாமல் டச்பேட் டிரைவரை மட்டும் போடுவது சாலை இல்லாத ஊருக்குப் பேருந்து விடுவதுதான். இந்த வேலைக்கெல்லாம் கைவசம் ஒரு வயர் மவுஸ் இருந்தால் பாதிப் பாடு குறையும்.

ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணினேன், சரியாகல. ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுது. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ போட்டிருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்மையத்தையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து, ஆன் செய்ததும் அதையே எடுத்துக்கொள்கிறது. படுத்துக்கிடந்த டிரைவரும் அதே நிலையில் எழுந்து வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இது அடிக்கடி நடந்தால் கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’, ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு’, பிறகு ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அனவெய்லபிள்’ என்று போய் ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ குறியை எடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் தொடங்கும் நேரம் கூடினாலும் சில நொடிகள்தான். ஒருமுறைக்கு மட்டும் வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள்.

டிவியோட கனெக்ட் பண்ணி எடுத்த பிறகு அம்பு ஓரத்துல போய் மறையுது.

இல்லாத இன்னொரு திரைக்குள் போகிறது. விண்டோஸ் + பி அழுத்தி, அம்புக்குறி விசையால் ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’ வந்து என்டர். அங்கே மாட்டிக்கொண்ட விண்டோவை இழுத்துவர, அதைத் தேர்ந்து விண்டோஸ் + ஷிஃப்ட் + இடது அம்புக்குறி விசை. டிவி அணைந்திருந்தாலும் கேபிள் செருகியிருந்தால் சில டிவிகள் ‘இருக்கிறேன்’ என்றே கணினியிடம் சொல்லும், கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

உண்மையிலேயே இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ‘டிஸ்ப்ளே’ செட்டிங்ஸில் 1, 2 என்ற கட்டங்களை மேசையில் மானிட்டர் இருக்கும் ஒழுங்கிலேயே இழுத்து வையுங்கள். கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அம்பு கடக்க முடியாமல் ஓரத்தில் முட்டி நிற்கும்.

குரோம்ல மட்டும்தான் மறையுது. மத்த இடத்துல நல்லா இருக்கு.

ஒரே ஓர் இணையதளத்திலா, எல்லாத் தளத்திலுமா என்று பாருங்கள். ஒரே தளம் என்றால் அம்பை மறைக்கச் சொல்லி அந்தத் தளமே எழுதியிருக்கும். முழுத்திரை வீடியோவிலும் உலாவியில் ஓடும் விளையாட்டிலும் இது சகஜம். எஸ்கேப் அழுத்தினால் விடுவிக்கும்.

எல்லாத் தளத்திலும் என்றால் குரோம் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய் ‘யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் வென் அவெய்லபிள்’ சுவிட்சை அணைத்து, ‘ரீலாஞ்ச்’ கொடுங்கள். எட்ஜிலும் இதேதான். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஜெனரல்’ பக்கத்தின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் இருக்கிறது. அணைத்தபின் சரியானால் அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீடியோ ஓடும்போது பிராசசர் சுமை கூடும். கிராஃபிக்ஸ் டிரைவரைச் சரிசெய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேம்ல இருந்து ஆல்ட் + டேப் அடிச்சு வெளிய வந்தா அம்பு வரமாட்டேங்குது.

விளையாட்டு அம்பைப் பூட்டி வைத்துக்கொண்டு விடுவிக்க மறந்துவிட்டது. கன்ட்ரோல் + ஆல்ட் + டிலீட் போய்த் திரும்புவது இங்கே நன்றாக வேலை செய்யும். அடிக்கடி நடந்தால் விளையாட்டின் வீடியோ அமைப்பில் ‘ஃபுல்ஸ்கிரீன்’ என்பதை ‘பார்டர்லெஸ் விண்டோ’ என்று மாற்றுங்கள்.

லாகின் பண்ணதும் ஸ்கிரீனே கருப்பா இருக்கு. அம்பும் இல்ல.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் தெரிந்தால், அதில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ வரியைத் தேர்ந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். வரியே இல்லையென்றால் ‘ரன் நியூ டாஸ்க்’ வழியாக ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று அடித்து என்டர். டாஸ்க் மேனேஜரும் தெரியவில்லையென்றால் முதல் பதிலில் சொன்ன கிராஃபிக்ஸ் மறுதொடக்கமும், டிவி கேள்வியில் சொன்ன விண்டோஸ் + பியும் முயன்று பாருங்கள். சில சமயங்களில் கணினி, இல்லாத திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

வேற ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டரை ரிமோட்ல பார்க்கறேன். கிளிக் ஆகுது, அம்பு மட்டும் தெரியல.

அந்தக் கணினியில் மவுஸ் செருகியிருக்கிறதா? மவுஸே இல்லாத கணினியில் அம்பு எதற்கென்று விண்டோஸ் அதை வரைவதில்லை. ரிமோட் மென்பொருள் காட்டுவதற்கும் ஒன்றும் இருப்பதில்லை. மானிட்டர் இல்லாமல் அலமாரியில் வைத்த சிறு கணினிகளில் இது அடிக்கடி வரும். ஒரு பழைய மவுஸையோ வயர்லெஸ் ரிசீவரையோ செருகிவைத்தால் போதும். அங்கே போக முடியாதென்றால், ரிமோட் வழியாகவே இரண்டாம் பதிலில் சொன்ன ‘மவுஸ் கீஸ்’ போட்டுவிடுங்கள். விண்டோஸ் அதை மவுஸாக எண்ணி அம்பை வரையத் தொடங்கும்.

கணினிக்குள் இன்னொரு கணினி ஓட்டும் மென்பொருளில் அம்பு உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே இழுக்கத் தனி விசை உண்டு: விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல், விஎம்வேரில் கன்ட்ரோல் + ஆல்ட், ஹைப்பர்-வியில் கன்ட்ரோல் + ஆல்ட் + இடது அம்புக்குறி விசை.

மேக்ல என்ன பண்றது?

மவுஸை அல்லது டிராக்பேடில் விரலை வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். அம்பு ஒரு கணம் பெரிதாகும். 2015இல் வந்த எல் கேபிடன் முதல் இந்த வசதி இருக்கிறது. ஆகவில்லையென்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ‘ஆக்சசிபிலிட்டி’, ‘டிஸ்ப்ளே’க்குள் ‘ஷேக் மவுஸ் பாயிண்டர் டு லொகேட்’ போட்டிருக்கிறதா பாருங்கள். ஏதாவது ஒரு செயலிக்குள் மட்டும் மறைந்தால் கமாண்ட் + டேப் வழியே வேறு செயலிக்குப் போய் வாருங்கள். சிக்கிக்கொண்ட செயலியை மூட கமாண்ட் + ஆப்ஷன் + எஸ்கேப்.

பக்கத்தில் ஐபேடோ இன்னொரு மேக்கோ இருக்கிறதா? மேக்ஓஎஸ் 12.3 முதல் உள்ள ‘யூனிவர்சல் கன்ட்ரோல்’ வழியாக அம்பு திரையின் ஓரம் தாண்டி அங்கே போயிருக்கலாம். ‘டிஸ்ப்ளேஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ திறந்து அணைக்கலாம். டிராக்பேடே அசையவில்லையென்றால் ‘பாயிண்டர் கன்ட்ரோல்’ பகுதியில் ‘இக்னோர் பில்ட்-இன் டிராக்பேட்’ குறி. பைக்குள் கிடக்கும் புளூடூத் மவுஸ் கதைதான் இங்கேயும்.

லினக்ஸ்ல?

கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2 அழுத்தித் திரும்புங்கள். சில கணினிகளில் எஃப்1 அல்லது எஃப்7. உருவம் மட்டும் இல்லாத பிரச்சினை என்விடியா சிப்பில் வேலண்ட் (திரையை வரையும் புதிய அமைப்பு) ஓட்டும்போது அதிகம். லாகின் திரையில் பற்சக்கரக் குறியில் அதற்கு முந்தைய அமைப்பான ‘எக்ஸார்க்’ இருந்தால் அதைத் தேர்ந்து பாருங்கள். சும்மா இருந்தால் மறைகிறது என்றால் ‘அன்கிளட்டர்’ என்ற சிறு நிரல் போட்டிருக்கிறதா பாருங்கள். அதன் வேலையே அதுதான்.

எல்லாம் பண்ணியாச்சு. மென்பொருளா, உறுப்பே போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சேஃப் மோடு சொல்லிவிடும். லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’, பிறகு 4. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தன் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவரை மட்டுமே ஓட்டும். அங்கே அம்பு வந்தால் உறுப்பில் குறையில்லை. டிரைவரோ, தானாகத் தொடங்கும் ஏதோ மென்பொருளோ காரணம். டச்பேடைப் பொறுத்தவரை மட்டும் இந்தத் தீர்ப்பை நம்ப முடியாது, சில ஐ2சி டச்பேடுகள் சேஃப் மோடில் ஓடவே ஓடாது. அவற்றுக்கு பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) நகர்கிறதா என்று பார்ப்பது மேல். மவுஸ் என்றால் இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள், அவ்வளவுதான்.

டச்பேட் கொஞ்சம் மேல தூக்கின மாதிரி இருக்கு, கிளிக்கும் சரியா விழல. அம்பு தானா ஓடுது, நிக்குது.

செட்டிங்ஸைத் தொடாதீர்கள். பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. பேட்டரி உப்பினால் டச்பேடை அடியிலிருந்து தள்ளும். லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள்: ஆடினால், அல்லது மூடினால் முழுக்க மூடாமல் இடைவெளி தெரிந்தால் சந்தேகமே இல்லை. சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். மறுபடி சார்ஜ் போட வேண்டாம், டச்பேடை அழுத்தி உட்கார வைக்க முயல வேண்டாம், பேட்டரியில் துளையிட வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றிய பிறகு டச்பேட் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அழுத்தத்தில் வளைந்திருந்தால் மட்டும் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.